இரண்டு பக்கமும் இறக்கம்

பெனாசேகா மலைச்சாலையில் ஏற்றம் காணாமல் போனது தெரியவந்தது மே மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை, ரொட்டி வண்டி வருகிற நேரம். ஏற்றம் போனதற்குக் காரணம் கோவில்பட்டியிலிருந்து வந்த செண்பகவல்லிதான், அதாவது நான்தான், என்று அந்த ஊரில் இன்னமும் சொல்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். என் வாய் சும்மா இருந்திருந்தால் அது நடந்திருக்காது என்பது எனக்கே தெரியும்.

முதலில் அந்தச் சாலையைச் சொல்லிவிடுகிறேன். ஸ்பெயின் தேசத்தில், அரகோன் சீமையில், கீழே வால்தோரா என்கிற சின்ன டவுனில் கிளம்பி, ரோமாபுரிக்காரர்கள் கட்டிவைத்த ஒற்றை வளைவுக் கல்பாலத்தைத் தாண்டி, பாதாம் தோப்புகளுக்கு நடுவே புகுந்து, இடிந்த கோட்டையை இடது கைப்பக்கம் விட்டு, பதினோரு கொண்டை ஊசி வளைவு ஏறி, மலையின் முதுகில் உட்கார்ந்திருக்கும் பெனாசேகாவைத் தொட்டு, அந்தப் பக்கம் பைன் காட்டுக்குள் இறங்கி, மதில் சூழ்ந்த மோல்சார் ஊரின் வாசலில் போய் நிற்கிற முப்பத்தொரு கிலோமீட்டர் தார்ச்சாலை அது. காலையில் கிளம்பினால் மத்தியானத்துக்குள் எதிரே ஒரு டிராக்டரும் ரொட்டி வண்டியும் வந்தால் அதிகம். மற்றபடி கழுகும் ஆட்டு மணியும் காற்றும்தான். அந்த அமைதிக்காகவே எங்கெங்கிருந்தோ சைக்கிள்காரர்கள் வருவார்கள், டாக்டர், வக்கீல், வாத்தியார் எல்லாரும் தொடையை ஒட்டின டவுசர் போட்டுக்கொண்டு, முகமெல்லாம் உப்புப் பூத்து, யாரோ செய்த பாவத்துக்கு இவர்கள் பரிகாரம் செய்கிற மாதிரி நாக்குத் தள்ள ஏறி வருவார்கள். ஏறி வந்து, எங்கள் கடை வாசலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, பேச முடியாமல் கையைக் காட்டுவார்கள்.

கடை என்றால் பார். நம்ம ஊரில் பார் என்றால் முகத்தைச் சுளிப்பார்கள். அங்கே டீக்கடை, சாப்பாட்டுக்கடை, தபால் வாங்கி வைக்கிற இடம், சண்டை போடுகிற இடம் எல்லாம் அதுதான். அது ஊருக்குச் சொந்தம். ஒரு நாள் விடாமல் திறந்துவைக்கச் சம்மதிக்கிற குடும்பத்துக்கு, கடையையும் மாடியிலிருக்கும் வீட்டையும் ஊரே கொடுக்கும். வருஷா வருஷம் செப்டம்பர் கடைசியில், சான் மிகேல் என்கிற புனிதரின் திருநாளுக்கு முந்தின நாள் ஊரில் பதிவான அத்தனை பேரும் உட்கார்ந்து கை தூக்கி, இவர்களே இருக்கட்டுமா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். அத்தனை பேர் என்றால் பதினோரு பேர். நானும் என் வீட்டுக்காரர் அய்யாத்துரையும் சேர்ந்தபின் பதின்மூன்று.

அதற்கு முன்னால் எட்டு வருஷம் நாங்கள் சரகோசா நகரத்தில் ஒரு ஹோட்டலின் அடித்தளத்துச் சமையலறையில் கிடந்தோம். அவர் அடுப்பில், நான் பாத்திரத்தில். ஜன்னலே கிடையாது. வெளியே மழையா வெயிலா என்று வேலைக்கு வருகிறவர்கள் கையில் இருக்கிற குடையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். பெனாசேகா கடைக்கு வந்த முதல் நாள், கழுவுதொட்டிக்கு நேர் மேலே ஒரு ஜன்னல், அதில் மூன்று மலை, நடுமலையில் ஆட்டு மந்தை. ஒரே ஒரு தம்ளரை அரை மணி நேரம் கழுவினேன். அந்த ஜன்னலை விட்டுப் போவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன். இந்தக் கதையில் எனக்கு வேண்டியதெல்லாம் அந்த ஜன்னல் ஒன்றுதான், மறந்துவிடாதீர்கள்.

கடை ஓடியது சைக்கிள்காரர்களால். ஏறி வந்தவர்களுக்குக் கால் பிடித்துக்கொள்ளும். முதல் வருஷமே ஒருத்தர் தரையில் விழுந்து துடித்தபோது, எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியமாக உப்புத் தூக்கலாய் ஒரு தம்ளர் மிளகு ரசம் கொடுத்தேன். மனுஷன் எழுந்து உட்கார்ந்து இன்னொன்று கேட்டான். அப்புறம் அது அந்த நாட்டுச் சைக்கிள்காரர்கள் மத்தியில் பரவி, 'தொண்டையை எரிக்கிற சூப்' என்று பேர் வாங்கிவிட்டது. இன்னொன்று முத்திரை. தொலைதூரம் ஓட்டுகிறவர்கள் ஒரு அட்டை வைத்திருப்பார்கள். வழியில் இருக்கிற கடைகளில் முத்திரை வாங்கினால்தான் அந்த வழியே வந்ததற்கு அத்தாட்சி. எங்கள் முத்திரையில் மணிக்கூண்டு, அதன் மேல் ஒரு நாரைக்கூடு, கீழே 1318 மீட்டர். அதில் நான் மகா கண்டிப்பு. காரில் வந்து இறங்கி, சும்மா விளையாட்டுக்கு என்று கையை நீட்டினாலும் குத்தமாட்டேன். சொந்தக் காலில் ஏறி வந்தவர்களுக்கு மட்டும்தான்.

இப்போது என் வாய்க்கு வருகிறேன்.

அந்த ஊரில் ஏற்றத்து மாதா என்று ஒரு மாதா. பனிக்காலம் முழுக்கக் கீழே வால்தோரா கோயிலில் இருப்பாள். மே மாதம் எட்டு ஆண்கள் தோளில் சுமந்து மேலே கொண்டுவந்து ஊருக்கு வெளியே இருக்கிற கல்கோயிலில் வைப்பார்கள். செப்டம்பரில் சான் மிகேல் அன்று மறுபடி கீழே இறக்குவார்கள். எழுநூறு வருஷமாக அப்படித்தானாம். அந்த வருஷம் எட்டுத் தோள் இல்லை. ஒருத்தருக்கு இடுப்பு ஆபரேஷன், ஒருத்தருக்கு மூச்சு, ஒருத்தர் செத்தேபோனார். ஊர்த்தலைவர் பிரிமித்திவோ மாமா, தேனீ வளர்க்கிறவர், எது பேசினாலும் தீர்மானம் வாசிக்கிற தோரணையில்தான் பேசுவார், என் கடையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அங்கே பெரியவர்களை அத்தை, மாமா என்றுதான் கூப்பிடுவார்கள். அதில் எனக்கு ஒரு கஷ்டமும் இருக்கவில்லை.

"இந்த வருஷம் அம்மா கீழயே இருக்கட்டும்னு எழுதிரவேண்டியதுதான்" என்றார்.

"ஏன் மாமா, சக்கரம் வச்சுத் தள்ளினா ஆகாதா? எங்க ஊர்ப்பக்கம் காமநாயக்கன்பட்டியில மாதாவே தேர்லதான் வருவா. எங்க அம்மனும் அப்படித்தான். யாரும் தோள்ல தூக்கிட்டு அலையுறதில்ல."

"சக்கரமா?"

"சக்கரந்தான். அவ கோச்சுக்கிட்டதா நான் கேள்விப்பட்டதில்ல."

சொல்லிவிட்டு நான் வெங்காயம் உரிக்கப் போய்விட்டேன். அவர்கள் நாலு சைக்கிள் சக்கரத்தை ஒரு பலகையில் பூட்டி, வெள்ளைத் துணி சுற்றி, பாதாம் கிளை கட்டி, மாதாவை ஏற்றிவிட்டார்கள். வியாழக்கிழமை மாதா மலையேறினாள். தள்ளப் போனவர்கள் தள்ளவே இல்லை. வண்டி தானாக மேல்நோக்கி உருள, பிரிமித்திவோ மாமா பின்னால் கயிற்றைப் பிடித்து இழுத்து இழுத்து நிறுத்திக்கொண்டே வந்தார். "அம்மாவுக்கு அவசரம்" என்று மட்டும் சொன்னார். மறுநாள் காலை ரொட்டி வண்டிக்காரர் உள்ளே வந்து, வண்டி நியூட்ரலில் ஏறி வந்துவிட்டது, டீசல் மிச்சம் என்று சொல்லி ஒரு காபி குடித்துவிட்டுப் போனார். திரும்பிப் போகும்போதும் அப்படியே, எஞ்சினை அணைத்துவிட்டு உருண்டுபோனார்.

அவ்வளவுதான் விஷயம். வால்தோராவிலிருந்து வந்தாலும் இறக்கம், வால்தோராவுக்குப் போனாலும் இறக்கம். மோல்சார் பக்கமும் அதே. நின்ற பொருள் நின்றது. தள்ளினால், எந்தப் பக்கம் தள்ளினோமோ அந்தப் பக்கமே இறக்கமாகி ஓடியது. நானே ஒரு வெங்காயத்தை உருட்டிப் பார்த்தேன், அது கீழ்நோக்கிப் போயிற்று. இன்னொன்றைக் கீழ்வளைவில் நின்று மேல்நோக்கி உருட்டினேன், அது கடை வாசலுக்கு வந்து நின்றது. தாரின் மேல் மட்டும்தான் இது. ஓரத்துப் புல்லில் நடந்தால் பழைய ஏற்றம் பழையபடி மூச்சை வாங்கியது. அதனால் இடையர் மந்தையைத் தார் மேல் ஓட்ட ஆரம்பித்தார், ஆடுகள் நாலே நாளில் பழகிவிட்டன. சாலை அலுவலகத்திலிருந்து ஒரு இன்ஜினியர் மட்டம் பார்க்கிற கருவியோடு வந்து, மூன்று நாள் அளந்து, ஏற்றம் பதினோரு சதவீதம், எப்போதும் போல இருக்கிறது, குறையொன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு, காரை நியூட்ரலில் போட்டுக்கொண்டு போய்விட்டார். ஊரில் ஒரே புகார், நடக்கிற கிழவர்களுடையது: முன்னெல்லாம் ஏறும்போது மூச்சு வாங்கும், இறங்கும்போதுதான் முட்டி வலிக்கும், இப்போது போகவும் முட்டி வலி, வரவும் முட்டி வலி என்றார்கள்.

சைக்கிள்காரர்கள் முதல் வாரம் கூட்டமாக வந்தார்கள். வந்தார்கள் என்றா சொன்னேன், போனார்கள். ஒரு பக்கம் வந்து, வாய் நிறையச் சிரித்துக்கொண்டு, கடையைத் தாண்டி, மறுபக்கம் போய்விட்டார்கள். வியர்வை இல்லை, தாகம் இல்லை, கால் பிடிக்கவில்லை, எதற்கு நிற்கப்போகிறார்கள்? ரசப்பானை அடுப்பிலேயே வற்றியது. ஜூன் பிறந்ததும் அந்தச் சிரிப்பும் போயிற்று. வழக்கமாக வருகிற ஒரு வாத்தியார் மட்டும் மரியாதைக்கு நின்று, "செண்பா, கஷ்டப்படாம ஏறினா அது மலையே இல்லம்மா" என்று துக்கம் விசாரிக்கிற குரலில் சொன்னார். நான் முத்திரையை நீட்டினேன். "வேணாம்மா. என்னத்த ஏறினேன்னு குத்துறது?" என்று அட்டையை மடித்து வைத்துக்கொண்டார். மலையேற்றப் பட்டியல்களிலிருந்து பெனாசேகா பேரை எடுத்துவிட்டதாக அப்புறம் கேள்விப்பட்டேன்.

வீட்டுக்காரர் ஒன்றும் பேசாத மனுஷர். ஜூலையில் ஒரு நாள் மீனுக்கு உப்புத் தடவிக்கொண்டே, "பழைய ஹோட்டல்ல அக்டோபர்ல ஆள் எடுக்காங்களாம், ரெண்டு பேரையும் கூப்பிடுறாங்க" என்றார். நான் ஜன்னலைப் பார்த்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டு அடுத்த மீனை எடுத்தார்.

அந்த ஜூலையில்தான் விசி அத்தை வந்தாள்.

விசிதாசியோன் என்பது முழுப்பேர், எழுபத்தாறு வயசு, பெனாசேகாவில் பிறந்து, அங்கேயே கட்டிக்கொண்டு, புருஷனை அங்கேயே புதைத்துவிட்டு, கால் தளர்ந்தபின் கீழே வால்தோராவில் மகள் வீட்டு மூன்றாம் மாடிக்குப் போய்விட்டவள். பஸ்ஸை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை காரில் கூட்டிப்போகிறேன் என்று மகள் சொல்வாளாம்; ஞாயிறு வரும், ஒரு வேலையும் கூடவே வரும். ஆறு வருஷம் அத்தை அந்தக் கல்லறையைப் பார்க்கவில்லை. ஏற்றம் போய்விட்டது என்று கேள்விப்பட்டதும் பேத்தியின் நீல சைக்கிளை எடுத்து, பாவாடை சக்கரத்தில் சிக்காமல் இருக்கத் துணிமாட்டுகிற கிளிப்பைப் போட்டுக்கொண்டு, கூடையில் ஒரு தண்ணீர்க் குடுவையோடு, மிதிக்காமலே உருண்டு வந்து என் வாசலில் இறங்கினாள். நேரே கல்லறைக்குப் போய் ஜெரேனியம் செடிக்குத் தண்ணீர் ஊற்றினாள். திரும்பி வந்து ஒரு பால் காபி வாங்கிக்கொண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்தாள். மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும்.

அவள் போய்ச் சொல்ல, மற்றவர்களும் வர ஆரம்பித்தார்கள். வால்தோராவுக்கும் மோல்சாருக்கும் பிழைக்கப் போனவர்கள், பிள்ளைகள் வீட்டில் ஒண்டிக்கொண்டவர்கள், இடுப்பில் இரும்பு வைத்தவர்கள், நூற்றுப் பத்து கிலோ இருக்கிற கறிக்கடைக்காரர், எட்டு மாசப் பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி, பரணில் கிடந்த துருப்பிடித்த சைக்கிள்களில் எல்லாம் வரிசையாய் உருண்டு வந்தார்கள். பூட்டிக்கிடந்த வீடுகளின் கதவுகள் பகலில் திறந்தன. சாயந்திரம் அதே மாதிரி உருண்டு போனார்கள். என் கடையில் நாற்காலி போதவில்லை. வியாபாரம்? கேட்காதீர்கள். ஆளுக்கு ஒரு காபி, கூடையிலிருந்து சொந்த முட்டை அடை, சொந்தத் தக்காளி, சொந்த உப்பு! என் தட்டையே வாங்கி அதில் வைத்துத் தின்றுவிட்டு, தட்டைக் கழுவியும் கொடுத்துவிட்டுப் போவார்கள். எனக்கு எரிச்சலாகத்தான் வந்தது. ஆனால் கடை நிறைய ஆள் சத்தம் போட்டுச் சிரிக்கும்போது எவ்வளவு நேரம்தான் எரிச்சல்படுவது?

விசி அத்தையிடம் ஒரு பள்ளிக்கூட நோட்டு இருந்தது. தினமும் அதில் தேதி போட்டு, பக்கத்தில் கட்டைவிரல் அளவு இடம் விட்டு, என்னிடம் நீட்டுவாள்.

"குத்துடி."

"கிடையாது அத்தை. உருண்டு வந்தவங்களுக்கு முத்திரை இல்ல. சட்டம்."

"யார் போட்ட சட்டம்?"

"நான் போட்டது."

"கல்நெஞ்சுக்காரி. இருக்கட்டும், இடம் விட்டு வைக்கேன், உனக்கு மனசு வரும்போது குத்து" என்று சிரித்துக்கொண்டே மூடி வைப்பாள். தினமும் இதே விளையாட்டு. ஒரு நாளாவது குத்தியிருக்கலாம். பாவி, நான் குத்தவே இல்லை.

செப்டம்பர் வந்தது. சான் மிகேலுக்கு முந்தின நாள் மத்தியானம் பதின்மூன்று பேரும் கடைக்குள் உட்கார்ந்தோம். ஓட்டு இல்லாதவர்கள் வெளியே போகவேண்டும், அது வழக்கம்; விசி அத்தை வெளியே கல்பெஞ்சில், ஜன்னலுக்கு நேர் கீழே உட்கார்ந்துகொண்டாள். பிரிமித்திவோ மாமா எழுந்து நின்றார்.

"கடையை இவங்களுக்கே குடுக்குறதுல யாருக்கும் மாற்றுக் கருத்து இல்ல. ஆனா ஏறி வர்ற ஆள் இல்லாம இந்தக் கடை ஓடாது. பனிக்காலத்துல கிழவங்களும் வரமாட்டாங்க. இவங்க போயிருவாங்க. கடை மூடினா ஊரும் மூடும், நாலு ஊர்ல பாத்தாச்சு. சக்கரத்துல ஏத்தினதாலதான் ஏத்தம் போச்சு. நாளைக்கு அம்மாவத் தோள்ல இறக்கினா ஏத்தம் திரும்பிரும்னு நான் நம்புறேன். இறக்கத்துல ஆறு தோள் போதும், நாங்க அஞ்சு பேரு, அய்யாத்துரை ஒண்ணு. தோளா, சக்கரமா? கை தூக்குங்க."

தோளில் சுமந்தால் ஏற்றம் திரும்பிவிடும் என்று அவருக்கு யார் சொன்னது என்று கேட்காதீர்கள். அங்கே உட்கார்ந்திருந்த ஒருத்தருக்கும் அதில் சந்தேகம் இல்லை, எனக்கும் இல்லை. தப்பு எப்படி நடந்ததோ அதைத் திருப்பிப் போட்டால் சரியாகிவிடும் என்பது எல்லா ஊர்ச் சாமிக்கும் பொதுதானே. தோளுக்கு ஆறு கை, அதில் என் வீட்டுக்காரர் கையும் ஒன்று. சக்கரத்துக்கு ஆறு கை. அவர்களுக்கெல்லாம் கீழே ஒரு தங்கையோ தம்பியோ இருந்தார்கள், ஆறு வருஷம் பத்து வருஷம் கழித்து இந்தக் கோடையில்தான் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருந்தார்கள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் ஜன்னலைப் பார்த்தேன். மூன்று மலை. அதற்குக் கீழே, கண்ணாடியின் ஓரத்தில், வெள்ளைத் தலை ஒன்று. அவள் பாவாடையில் கிளிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள். மேலே இருக்கிறவர்களுக்கு இறங்குவது எப்போதும் லேசு. ஏற்றம் திரும்பினால் அவளால் ஒரே ஒரு தடவை இறங்கத்தான் முடியும், அதற்கப்புறம் அந்த ஜெரேனியத்தை அவள் பார்க்கவே மாட்டாள். எனக்கு அந்த ஜன்னல் வேண்டும். சத்தியமாக வேண்டும். ஆனால் என் கை, பாழாய்ப்போன கை, "சக்கரம்" என்றபோதுதான் மேலே போயிற்று.

யாரும் கைதட்டவில்லை. பிரிமித்திவோ மாமா நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். என் வீட்டுக்காரர் பரணிலிருந்து அட்டைப்பெட்டிகளை இறக்கினார்.

"ஏங்க, கோவமா?"

"கோவமில்ல. கண்ணாடித் தம்ளர எல்லாம் எதுல சுத்துறதுன்னு யோசிக்கேன்" என்றார்.

மறுநாள் சான் மிகேல். வெயில் ஏறி, மணி அடித்து, சக்கரப் பலகையில் வெள்ளைத் துணி சுற்றித் தயாராய் நிறுத்தியிருந்தபோது, கீழ் வளைவிலிருந்து சைக்கிள் மணிச் சத்தம் கேட்டது. பதினோரு கிழவிகள். எல்லாரும் திருநாள் கறுப்புப் பாவாடையில், எல்லாப் பாவாடையிலும் கிளிப், முன்னால் நீல சைக்கிளில் விசி அத்தை. வரிசையாய் என் கடைச் சுவரில் சைக்கிள்களைச் சாய்த்தார்கள். கூடைகளிலிருந்து பழைய துண்டுகளை எடுத்து மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்கள். நேரே கல்கோயிலுக்குள் போய், தோளில் சுமக்கிற பழைய மரத்தூக்கோடு மாதாவை வெளியே கொண்டுவந்துவிட்டார்கள்.

பிரிமித்திவோ மாமாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "இது செல்லாது! சக்கரம்னு நேத்து ஓட்டுப் போட்டு எழுதியாச்சு!"

"ஓட்டு உங்க ஊருக்கு" என்றாள் விசி அத்தை. "அம்மா ரெண்டு ஊருக்கும் பொது. நீங்க எழுதினபடி உங்க சக்கரம் போகட்டும், யார் வேண்டாங்கா? முன்னால காலியா உருட்டிக்கிட்டுப் போங்க. நாங்க பின்னால வாறோம்."

மாமா நோட்டைத் திறந்து பார்த்தார். சக்கரத்தின் மேல் மாதா இருக்கவேண்டும் என்று அதில் எழுதியிருக்கவில்லை. மூடிவிட்டார்.

நான் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தேன். "அத்தை, வேண்டாம். இதத் தோள்ல இறக்கினா நீங்க திரும்பி வர முடியாது. நான் உங்களுக்காகத்தான் கை தூக்கினேன்."

"தெரியும்டி. ஜன்னலுக்குக் கீழதான உக்காந்திருந்தேன்" என்றாள். "நீ போயிட்டா கடை பூட்டிரும். அப்புறம் நான் உருண்டு வந்து எங்க உக்காருறது? கல்லறையில உக்கார எனக்கு இன்னும் நாள் இருக்கு. நான் வராட்டாலும் மேல கடை திறந்திருக்குன்னு தெரிஞ்சாப் போதும். அந்த மனுஷனுக்குத் தண்ணி ஊத்த மேல ஒரு ஆள் வேணும்லா? நீதான் ஊத்தணும். விலகு, தோள் வலிக்கு."

விலகினேன். வேறு என்ன செய்ய? என் வீட்டுக்காரர் போய்த் தூக்கின் பின் முனையில் தோள் கொடுத்தார், பிரிமித்திவோ மாமா காலிச் சக்கரத்தை முன்னால் உருட்டினார், நடுவில் பதினோரு கிழவிகள், நூறு அடிக்கு ஒரு தடவை நின்று, மூச்சு வாங்கி, தோள் மாற்றி, ஒருத்தியை ஒருத்தி திட்டிக்கொண்டு, பாட்டைப் பாதியில் விட்டு, மறுபடி தொடங்கி, வளைவு வளைவாக இறங்கினார்கள். அவர்கள் தாண்டிய இடமெல்லாம் சாலை பழையபடி நிமிர்ந்தது. நான் கீழ்வளைவில் நின்று ஒரு வெங்காயத்தை மேல்நோக்கி உருட்டிப் பார்த்தேன். கொஞ்ச தூரம் போய், யோசித்து, என் காலடிக்கே திரும்பி வந்துவிட்டது. அந்த வெங்காயத்தைக் கையில் வைத்துக்கொண்டு சாலையோரத்தில் உட்கார்ந்து அழுதேன், உரிக்காத வெங்காயத்துக்கு அழுதவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நாலே நாளில் முதல் சைக்கிள்காரன் நாக்குத் தள்ள வந்து வாசலில் விழுந்தான். அந்த வாத்தியார்தான். "செண்பா, கால் போச்சு, உயிர் போச்சு, ஆகா!" என்று சந்தோஷத்தில் அழுதார். ரசம் கொடுத்தேன், முத்திரை குத்தினேன். ஞாயிற்றுக்கிழமை இருபது பேர். அட்டைப்பெட்டிகள் பரணுக்குத் திரும்பின. கிழவிகளின் சைக்கிள்களைப் பேரப்பிள்ளைகள் வேனில் வந்து ஏற்றிப்போனார்கள். நீல சைக்கிளை மட்டும், அது அங்கேயே இருக்கட்டும் என்று விசி அத்தை சொல்லியனுப்பிவிட்டாள். அது சுவரில் சாய்ந்தபடியே நின்றது. தினமும் வாசல் பெருக்கும்போது அதை நகர்த்தி, பெருக்கி, திரும்ப வைப்பேன்.

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை, கடையை அவர் பார்த்துக்கொள்ள, நான் முத்திரையையும் மைப்பெட்டியையும் ஒரு துணியில் சுற்றிக் கூடையில் வைத்து, அந்த நீல சைக்கிளில் ஏறினேன். கோவில்பட்டியில் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போனவள்தான், இருபத்தைந்து வருஷம் ஆகிவிட்டது. பதினோரு வளைவும் இரண்டு கையாலும் பிரேக்கைப் பிடித்தபடி, தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டு இறங்கினேன். மூன்றாம் மாடியில் அத்தை பால்கனியில் உட்கார்ந்திருந்தாள். தோளில் ஒரு பிளாஸ்டர் இன்னும் ஒட்டியிருந்தது. கூடையைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"என்னடி, அத இங்க தூக்கிட்டு வந்துட்ட?"

"அன்னைக்குக் குத்த விட்டுப்போச்சு."

"அன்னைக்கு நான் எங்க ஏறினேன்? இறங்கத்தான செஞ்சேன். உன் சட்டம் என்ன ஆச்சு?"

"நோட்டக் குடுங்க அத்தை."

தலையணைக்கு அடியிலிருந்து எடுத்தாள். ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர், வரிசை வரிசையாகத் தேதிகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் கட்டைவிரல் அளவு வெறும் இடம். நான் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கப் போனேன். உள்ளங்கையை வைத்து மறைத்துவிட்டாள். "அதெல்லாம் உருண்டு வந்தது" என்றாள். கடைசியாக எழுதின பக்கத்தைத் திருப்பினாள். மேலே, செப்டம்பர் 29, சான் மிகேல். அதற்குக் கீழே முழுப் பக்கத்தையும் வெறுமனே விட்டுவைத்திருந்தாள்.

அழுத்திக் குத்தினேன். மணிக்கூண்டும் நாரைக்கூடும் நன்றாக விழுந்தன. மை காய அவள் வாயால் ஊதினாள், நெடுநேரம் ஊதினாள்.

"செடி எப்படி இருக்கு?"

"பூத்திருக்கு. நிதம் ஊத்துறேன்."

"நிதம் ஊத்தாத, வேர் அழுகிரும். வாரத்துக்கு ரெண்டு தடவ போதும்."

"நீங்க மட்டும் நிதம் ஊத்தினீங்க?"

"குடுவையில தண்ணி இருந்துதா இல்லையான்னு நீ என்னைக்காவது பாத்தியா?" என்றாள். "நான் எங்கடி ஊத்த வந்தேன். பாக்க வந்தேன்."

முத்திரையைத் துணியில் சுற்றிக் கூடையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். இனி செவ்வாய்தோறும் வருகிறேன் என்றேன். சைக்கிளில் ஒரு பூவை எடுத்துக்கொண்டு வா என்றாள்.

போகும்போது அரை மணி நேரம். திரும்பும்போது கல்பாலம் தாண்டினதுமே இறங்கித் தள்ள ஆரம்பித்தேன், நாலு மணி நேரம் தள்ளினேன். சாலை அத்தனை கனமாக இருந்தது. முதுகு விட்டுப்போயிற்று, கால் பிடித்துக்கொண்டது, ஒவ்வொரு வளைவிலும் நின்று மாதாவை ஒரு தடவை வைதேன், ஒரு தடவை கும்பிட்டேன். இரண்டு சைக்கிள்காரர்கள் என்னைத் தாண்டும்போது, இன்னும் கொஞ்சம்தான், விடாதீங்க என்று கத்திவிட்டுப் போனார்கள். ஒன்பதாவது வளைவில் நிமிர்ந்து பார்த்தேன். மேலே என் ஜன்னல் தெரிந்தது. கடை திறந்திருந்தது.